பிரியாணி ஒரு மணிக்கு, பச்சடி நாலு மணிக்கு

கார்மேகம் அண்ணனைப் பற்றி எழுதுவதென்றால் அவருடைய வயிற்றிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். முகத்தில் அப்படி ஒன்றும் விசேஷமில்லை. பரமக்குடிப் பக்கத்துக்காரர், நாற்பத்தாறு வயது, அபுதாபி முசஃபாவில் இரும்புத் தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறையில் பதினேழு வருஷமாக வெல்டர். நல்ல வேலைக்காரர், பேச்சு கம்மி. பேசாத குறையை ஏப்பத்தில் தீர்த்துக்கொள்வார். அதிகாலை நாலு மணிக்கு அலாரம் அடிக்குமுன் அவருடைய ஏப்பம் அடிக்கும். எங்கள் அறையில் பல வருஷம் யாரும் டூட்டிக்கு லேட்டானதில்லை என்றால் அந்தப் பெருமை அவருடைய வயிற்றையே சேரும்.

அறையில் நாங்கள் நாலு பேர். அவர், நான், ஸ்டோரில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து நிருபன், ஆம்பூர் கௌஸ் முகம்மது. நாலு பேரும் சேர்ந்து மெஸ் நடத்தினோம். ஒருவர் ஒரு வாரம் சமைக்க வேண்டும், மற்றவர்கள் காய் நறுக்கி பாத்திரம் கழுவ வேண்டும். தொழிலாளர் கேம்ப்பில் எண்பது பேருக்கு ஒரே சமையற்கட்டு, பத்து அடுப்பு. மெஸ்ஸில் இல்லாதவன் அடுப்புக்காக அதிகாலை மூன்று மணிக்கே வரிசையில் நிற்க வேண்டும். ஒரு மாதம் நிற்பான். பிறகு கடையில் வாங்கும் குப்பூஸ் ரொட்டியும் டின் மீனும் போதும் என்று முடிவுக்கு வருவான். அதற்கப்புறம் அவனை ஆஸ்பத்திரியில்தான் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். மெஸ் என்பது எங்களுக்கு வெறும் சாப்பாடு இல்லை.

ராத்திரி எட்டு மணி ஆனால் எல்லோருக்கும் வீட்டிலிருந்து போன் வரும். கார்மேகம் அண்ணனுக்குச் சீதாலட்சுமி அண்ணி கூப்பிடுவார். "சாப்டீகளா?" "ம்." "என்ன சாப்டீக?" "சோறு." "வேற?" "வேற ஒண்ணுமில்ல." "வச்சிரவா?" "ம்." அவ்வளவுதான். குறை சொல்ல வரவில்லை, என் வீட்டுப் போனும் இதே கதைதான். ஒரத்தநாட்டிலிருந்து பானுப்பிரியா கேட்பாள், நான் சோறு என்பேன், ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துவிடும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எங்கள் இருவருக்கும் இடையில் ஓடிய வார்த்தைகளில் பாதி சோறாகத்தான் இருக்கும்.

போன வருஷம் ஒருநாள் கார்மேகம் அண்ணன் பொரித்த ஷேரி மீன் ஆறு துண்டு தின்றுவிட்டு, வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று ஒரு பெரிய பாட்டில் லபனை ஒரே மூச்சில் குடித்தார். லபன் என்பது இந்த ஊர் மோர். ஆனால் நம்மூர் மோர் மாதிரி தண்ணீராக இருக்காது, கெட்டியாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் வயிறு ஊதிக்கொண்டது, உடம்பெல்லாம் தடித்தது. கிளினிக்கில் ஊசி போட்டு அனுப்பினார்கள். விஷயம் வீட்டுக்குப் போனதும் அண்ணி பரமக்குடி ஆயுர்வேத வைத்தியரிடம் ஓடியிருக்கிறார். அவர், ஒன்றுக்கொன்று பகையான உணவு என்று சில இருக்கின்றன, அதைச் சேர்த்துத் தின்றால் வயிறு சண்டைக்களம் ஆகிவிடும் என்று சொல்லி, ஐந்து விதிகளைக் கொடுத்தாராம். மீனோடு பால், தயிர், மோர் கூடாது. பாலோடு புளிப்புப் பழம் கூடாது. தேனைச் சூடாக்கக் கூடாது. ராத்திரியில் தயிர் கூடாது. முன்னே சாப்பிட்டது செரிக்காமல் அடுத்ததை உள்ளே தள்ளக் கூடாது.

ஐந்தையும் கார்மேகம் அண்ணன் அப்படியே கடைப்பிடித்தார். சும்மா சொல்லக் கூடாது, பத்து நாளில் ஏப்பம் பாதியாகக் குறைந்தது. நான் ஒருநாள் டூட்டிக்கு லேட்டானேன்.

இதோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. அடுத்த வாரம் ஆறாவது விதி வந்தது. அதற்கடுத்த வாரம் நாலு. போன் ஸ்பீக்கரில்தான் வரும், ஏனென்றால் அந்த நேரத்தில் அவர் மாவு பிசைந்துகொண்டோ வெங்காயம் உரித்துக்கொண்டோ இருப்பார்.

"என்னங்க, ரசம் குடிக்கையில ஏசிக் காத்து மூஞ்சில படுதா?"

"படுது."

"ஆகாது. ஏசி எந்தப் பக்கம் இருக்கு?"

"கதவுக்கு மேல."

"அப்ப நீங்க எங்கன உக்காருறீக?"

"ஃப்ரிட்ஜ் பக்கத்துல."

"ஃப்ரிட்ஜுக்கு முதுகக் காட்டி உக்காந்து குடிங்க. வாயு சேராது."

மறுநாள் நாலு பேரும் ஃப்ரிட்ஜுக்கு முதுகைக் காட்டி ரசம் குடித்தோம். அவர் மட்டும் இடம் மாறினால் உட்கார இடம் போதாது.

வெண்டைக்காய் நறுக்கிய கையால் முட்டை உரிக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை முட்டை வாங்கியவர் அதைத் தின்னக் கூடாது, மற்றவர்கள் தின்னலாம். அதனால் யார் வாங்கினார்கள் என்று அண்ணிக்குப் பெயர் சொல்ல வேண்டும். குப்பூஸைப் பிய்க்கும்போது வலது பக்கத்தில் உஷ்ண உடம்புக்காரர் இருக்கக் கூடாது. யார் உஷ்ண உடம்பு? அதைக் குரலை வைத்தே அண்ணி கண்டுபிடித்தார். கௌஸ் முகம்மது கபம். நிருபன் வாதம். "அங்க ஒருத்தர் பின்னால கத்திக்கிட்டே இருக்காகளே, அவுகளுக்குப் பித்தம். தலைக்கு ஏறியிருக்கு" என்றார். கத்திக்கொண்டிருந்தது நான்.

ஃப்ரிட்ஜுக்குள்ளே மீனும் பாலும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாதென்று நடுத்தட்டில் அட்டை வைத்து டேப் ஒட்டினார் கார்மேகம் அண்ணன். அட்டையில் நிருபன் ஒரு சின்ன ஓட்டை போட்டு, 'பேசிக்கொள்ளலாம்' என்று எழுதி வைத்தான். அண்ணன் சிரிக்கவில்லை. ஓட்டையையும் டேப் போட்டு அடைத்தார்.

விதி எழுபதைத் தாண்டியபோதுதான் கௌஸ் முகம்மதுவின் பிரியாணியில் கை வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் செய்யும் ஆம்பூர் பிரியாணிதான் எங்கள் ஆறு நாள் வேலைக்குக் கிடைக்கிற ஒரே நியாயம். கூடவே கத்தரிக்காய், தயிர்ப்பச்சடி. இறைச்சியும் தயிரும் சேரக் கூடாது, நடுவில் மூன்று மணி நேரம் வேண்டும் என்று உத்தரவு வந்தது. பிரியாணி ஒரு மணிக்கு, பச்சடி நாலு மணிக்கு. அந்த ஞாயிறு நாலு மணிக்கு எழுந்து, நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு கிண்ணம் வெறும் வெங்காயப் பச்சடியை ஸ்பூனால் தின்றோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கௌஸ் முகம்மது ஸ்பூனைக் கீழே வைத்தான். "இன்னாபா இது? சாவு வூட்டுல கூட இப்டி துன்ன மாட்டாங்க. நான் அஞ்சு மணி நேரம் அடுப்புல நின்னது இதுக்கா?"

"அண்ணை, நான் போன்லை தேடிப் பாத்தனான்" என்றான் நிருபன். "முதல் அஞ்சும் ஆயுர்வேதத்திலை கிடக்கு. இறைச்சியும் தயிரும் ஆகாதெண்டு சில பேர் சொல்லினம். மிச்சம் ஒண்டும் ஒரு இடத்திலையும் இல்லை. ஃப்ரிட்ஜுக்கு முதுகு காட்டச் சொல்லி எந்த முனிவர் எழுதினவர்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பித்தம்தானே. "அண்ணே, நான் நாப்பது நாள் லீவுல போறேன். திரும்பி வர்ற அன்னைக்கு இந்த ரூல் எல்லாம் போயிருக்கணும். இல்லன்னா நீங்க மெஸ்ஸ விட்டு விலகிக்கங்க. தனியா ஆக்கித் தின்னுங்க. கலாஸ், முடிஞ்சது."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். கார்மேகம் அண்ணன் எழுந்தார். கிண்ணங்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். அன்று அவருடைய முறை இல்லை.

தனியாகப் போனால் அந்த வயிறு மூன்று மாதம் தாங்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். எனக்கே அது பிடிக்கவில்லை, ஆனால் பச்சடிக்கு அலாரம் வைத்து எழுந்த மனிதன் வேறெப்படிப் பேசுவான்?

லீவில் போகிறவன் மற்றவர்களின் பார்சலைச் சுமக்க வேண்டும் என்பது இங்கே மாற்ற முடியாத வழக்கம். சண்டை போட்டவனாக இருந்தாலும் சுமக்கத்தான் வேண்டும். கிளம்புகிற அன்று கார்மேகம் அண்ணன் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் கட்டிலில் வைத்தார். பால்பவுடர், தைலம், சென்ட், மகள் ஸ்வாதிக்கு ஒரு கால்குலேட்டர். "வீட்டுல குடுத்துருப்பா" என்றார். நான் மனசுக்குள் திட்டம் போட்டுக்கொண்டேன். பெட்டியையும் கொடுப்போம், அந்த அம்மாவிடம் நாலு வார்த்தை நேரிலேயே கேட்டுவிட்டும் வருவோம்.

ஒரத்தநாட்டிலிருந்து பரமக்குடிக்கு இரண்டு பஸ் மாறி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் போய், அவர் வீட்டு வாசலில் நிற்கும்போது மணி ஒன்று. கதவைத் திறந்த அண்ணி என்னை அதற்கு முன் பார்த்ததே இல்லை. "பாண்டித்துரைத் தம்பியா? வாங்க வாங்க. மேல் கட்டிலு, சன்னல் பக்கம். கொக்கி ஒடஞ்சு கெடந்துச்சே, மாட்டியாச்சா?"

"எந்தக் கொக்கி?"

"ஒங்க துண்டு தொங்கப் போடுற கொக்கி. துண்டு இவுக தலையில விழுகுதுன்னு சொன்னாகளே."

நான் வாயைத் திறந்தபடி உள்ளே போனேன். என் துண்டுக் கொக்கி உடைந்தது என் வீட்டிலேயே யாருக்கும் தெரியாது.

இலை போட்டார். சோறு, மீன் குழம்பு, பொரித்த மீன். பக்கத்திலேயே ஒரு கரண்டி தயிர். அதற்குப் பக்கத்தில் வாழைப்பழம். ஒரு டம்ளரில் பால் பாயசம். நான் இலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுபத்தொரு விதிகளில் குறைந்தது முப்பது அந்த இலையில் செத்துக் கிடந்தன. அண்ணி எதிரே ஒரு தட்டை வைத்து உட்கார்ந்து, மீன் குழம்புச் சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்து, ஒரு வாய் போட்டுக்கொண்டார்.

"அண்ணி!" என்று நான் கத்தியே விட்டேன். "மீனும் தயிரும்!"

"எனக்கு ஒண்ணுஞ் செய்யாது தம்பி. சின்னப் பிள்ளையிலயிருந்து இப்டித்தான்."

"அப்ப அங்க நாங்க நாலு பேரு ஃப்ரிட்ஜுக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கமே, அது?"

அண்ணி கையை உதறிவிட்டு எழுந்தார். அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். ஸ்வாதியின் பழைய கணக்கு நோட்டு. பின்பக்கமிருந்து எழுதியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று விதிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே அவர் என்ன பதில் சொன்னார் என்று ஒரு வரி. 'ஏசி கதவுக்கு மேலே.' 'ஜன்னலில் அட்டை அடித்திருக்கிறது. வெளியே தெரியாது.' 'வலது கைப் பக்கம் நிருபன். அவன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்.' 'கீழ்க் கட்டில். தலைமாட்டில் ஸ்வாதி போட்டோ.' எழுபத்து நாலு வரை இருந்தது. கடைசி மூன்றுக்குப் பதில் எழுதவில்லை.

"மொத அஞ்சும் வைத்தியர் சொன்னது. நெசம். அத மட்டும் விட்ரக் கூடாது" என்றார் அண்ணி. "மிச்சம் நாஞ் சொன்னது. மாத்தி மாத்திச் சொல்லிறக் கூடாதுன்னுதான் எழுதி வச்சிருக்கேன். கடைசி மூணும் இன்னும் சொல்லல. கையிருப்பு."

"எதுக்கு அண்ணி?"

"பதினேழு வருசம் தம்பி. அவுக படுக்குறது மேல் கட்டிலா கீழ்க் கட்டிலான்னு எனக்குத் தெரியாது. ரூம்பு எப்டி இருக்குன்னா நல்லாருக்கும்பாக. கூட யாரு இருக்கான்னா ஆளுக இருக்காகம்பாக. வச்சிரவாம்பேன், ம்னு சொல்லுவாக. அந்த மோரு விசயம் நடந்த அன்னைக்கு, எத்தன துண்டு தின்னீக, யாரு பொரிச்சா, எங்கன உக்காந்து தின்னீகன்னு வைத்தியர் கேட்டாருன்னு கேட்டேன். இருவது நிமிசம் பேசுனாக. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அம்புட்டு நேரம் பேசுனதில்ல." அவர் நோட்டின் மூலையை நீவிவிட்டார். "சோத்தக் கேட்டாத்தான் அவுகளுக்கு வாயி தொறக்குது. நான் வேற என்ன செய்ய?"

நான் நாலு வார்த்தை கேட்க வந்தவன். பெட்டியோடு கேள்விகளையும் தயாராகக் கொண்டு வந்தவன். மெஸ்ஸில் நான் வைத்த கெடுவை மெதுவாகச் சொன்னேன். அண்ணியின் முகம் சுண்டிப்போனது. தனியாகச் சமைப்பதென்றால் மூன்று மணி வரிசை என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. முப்பத்தெட்டாவது விதியின் கீழே அதையும் எழுதி வைத்திருந்தார்.

"வேணாந் தம்பி. இன்னைக்கே நிறுத்திர்றேன். அவுக ஒடம்பு கெட்ரக் கூடாது" என்று நோட்டை மூடினார்.

நிறுத்தச் சொல்லத்தான் மூன்று பஸ் ஏறி வந்திருந்தேன். "நான் போய்ச் சேர்ற வரைக்கும் பொறுங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு மீனையும் தயிரையும் பழத்தையும் பாயசத்தையும் ஒன்று விடாமல் தின்றேன். பஸ்ஸில் வயிறு என்னவோ செய்தது. யாரிடம் போய்ச் சொல்வது?

திரும்பி வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. எனக்காகக் கௌஸ் முகம்மது ராத்திரிக்குப் பிரியாணி போட்டிருந்தான். எட்டு மணிக்கு நாலு பேரும் உட்கார்ந்தோம். நான் கேட்காமலே கார்மேகம் அண்ணன் பேசினார். நாற்பது நாளும் அதை மனப்பாடம் செய்திருப்பார் போல.

"நானும் யோசிச்சேம்ப்பா. ஒங்க மூணு பேருக்கும் எதுக்குத் தொந்தரவு? ரூல் வேணாம். இன்னைக்கே வீட்டுல சொல்லிப்புடுறேன்." அவர் பச்சடிக் கிண்ணத்தை இழுத்து, பிரியாணி மேலேயே மூன்று கரண்டி ஊற்றினார். பிசைந்தார். "பாருங்க, தின்னுருவேன்" என்றார்.

அப்போது போன் அடித்தது. சீதாலட்சுமி அண்ணி. கார்மேகம் அண்ணன் ஒரு கையில் உருண்டையும் மறு கையில் போனுமாக எங்களைப் பார்த்தார். இரண்டில் எதை வாயருகே கொண்டுபோவது என்று அவருக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இந்தப் பக்கம் இவர் விதிகளை விட்டுவிடுவதாகச் சொல்வார். அந்தப் பக்கம் அண்ணியும் அதையே சொல்வார். இருவரும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டு, வச்சிரவா, ம் என்று பழையபடி முடித்துவிடுவார்கள். நான் பாய்ந்து அவருடைய தட்டைப் பிடுங்கினேன். பாதிப் பிரியாணி என் சட்டையில்.

"ஐயையோ, ராத்திரில தயிரா? அதுவும் கறியோட! என்னண்ணே நீங்க, கொஞ்சமாவது அறிவு இருக்கா?"

கௌஸ் முகம்மது என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "யப்பா, உனுக்கு இன்னா ஆச்சு?"

"நான் நேர்ல போயி விசாரிச்சுட்டேன். எழுபத்தொண்ணும் கரெக்ட்டு. இன்னும் மூணு பாக்கி இருக்கு" என்றேன். "அண்ணன் தட்டுக்கு அண்ணன் ரூல். நம்ம தட்டுக்கு நம்ம இஷ்டம். மெஸ் ஒண்ணுதான். யாருக்காச்சும் ஆட்சேபணை இருந்தா அவங்க தனியா ஆக்கிக்கலாம்."

நிருபன் என்னை உற்றுப் பார்த்தான். "ஃப்ரிட்ஜுக்கு முதுகு?"

"காட்டணும். நாலு பேரும். அது எடம் பத்தாததுக்கு."

கார்மேகம் அண்ணன் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் அண்ணியின் குரல் பயந்தபடி வந்தது. "சாப்டீகளா?"

"எங்க சாப்புட விட்டாங்ய? இந்தப் பாண்டித்துரைப் பய தட்டப் புடுங்கிட்டான். சட்டையெல்லாம் பிரியாணி. கௌஸ் பாய் மூஞ்சியப் பாக்கணுமே நீ, அவன் என்ன செஞ்சான்னா…" என்று ஆரம்பித்தார். அந்தப் பக்கம் பேனா தேடுகிற சத்தம் கேட்டது.

நான் சட்டையை மாற்றிக்கொண்டு மேல் கட்டிலில் ஏறி உட்கார்ந்தேன். என் போனும் அடித்தது.

"சாப்டீங்களா?" என்றாள் பானுப்பிரியா.

"ம்" என்று வந்துவிட்டது. பழக்கம். அவள் அடுத்ததைக் கேட்குமுன் அவசரமாகச் சொன்னேன், "மீனும் மோரும் ஒண்ணா சாப்ட்டேன்." பொய்தான்.

"அதுக்கு என்ன இப்ப?"

"ஒடம்புக்கு ஆகாதாம்."

"யாரு சொன்னா?"

"கார்மேகம் அண்ணன் வீட்டு அண்ணி."

"யாருங்க கார்மேகம்?" என்றாள்.

பதினொரு வருஷமாக எனக்குக் கீழே படுக்கும் மனிதர். நாற்பது நாள் வீட்டில் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். பரமக்குடிக்குப் போய் வந்ததைக்கூட 'ஒரு பார்சல் கொடுக்கணும்' என்பதோடு முடித்திருக்கிறேன். என் மனைவிக்கு அவர் பெயர் தெரியாது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"எங்க ரூம்ல நாலு கட்டிலு இருக்கு" என்றேன்.

"ம்" என்றாள் அவள்.

"நான் மேல, சன்னல் பக்கம். அவரு கீழ."

"சன்னல்ல என்ன தெரியும்?" என்று கேட்டாள் பானுப்பிரியா.

"ஒண்ணும் தெரியாது, அட்டை அடிச்சிருக்கு" என்று சொல்லி, தலையணையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, அட்டை ஏன் அடித்தோம் என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.